மூத்தவர் யார்?

முப்படைக்கும் இனி ஒரே தலைமை என்று இகித்தோஸ் நகரத்து ஆற்றங்கரையில் புது அலுவலகம் திறந்த அன்று, நேரிதா முராயாரி சாப்பாட்டு வேளையைப் பார்த்துத்தான் சிரித்தாள். அறை ஒன்று, கட்டளை ஒன்று, சோற்றுப் பானை மட்டும் மூன்று! கடற்படைக்காரனுக்குத் தரைப்படைச் சமையல் இறங்காது. விமானப்படைக்காரனுக்கு இரண்டுமே இறங்காது.

நேரிதா கடற்படையில் ரேடியோ பார்த்தே தலை நரைத்தவள். பக்கத்து மேஜை லொசானோ விமானப்படை. அவள் மகளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன். அன்றிலிருந்து அவள் அவனை ‘கொம்பாத்ரே’ என்பாள், அவன் அவளை ‘கொமாத்ரே’ என்பான்; அந்த ஊர்ச் சம்பந்தி முறை அது. புருஷன் அப்னேர் தரைப்படை சார்ஜென்ட். மேலிடம் இவ்வளவு பாடுபட்டுச் செய்த காரியம் அவள் வீட்டில் எப்போதோ நடந்து முடிந்துவிட்டது.

ஒட்டாமல் நின்றது மூப்பு ஒன்றுதான். இவர்களுக்குள் யார் மூத்தவர் என்று தெரியாமல் ஒருவன் தும்மக்கூட மாட்டான். ஒரு நாள் முந்திப் பதவி ஏறியவன் சாகும்வரை மூத்தவன். இளையவன் மூத்தவனுக்கு உத்தரவு போட்டால் அவன் உத்தியோகம் கோவிந்தாதான். அப்னேரின் கூட்டாளி பாந்துரோ அவனைவிட ஆறு மாதம் முந்தி சார்ஜென்ட் ஆனவன். வீட்டுக்குச் சாப்பிட வந்தால், “மூத்தவனுக்கு முதல்ல” என்று கோழித்தொடையைத் தன் தட்டில் போட்டுக்கொள்வான். அப்னேர் முறைப்பான், அவன் சட்டையே செய்யமாட்டான்.

ஒரு நாள் மத்தியானம் நாப்போ ஆற்றில் ரோந்து போன தரைப்படைப் படகு மிதந்து வந்த மரத்தில் மோதிக் கவிழ்ந்தது. ரேடியோவில் வந்தது பாந்துரோவின் குரல்.

“நேரிதா, நாங்க ஒரு மரக்குவியலைப் புடிச்சுத் தொங்குறோம். வெள்ளம் ஏறுது. ஹெலிகாப்டர் அனுப்பச் சொல்லு. அப்னேர் என் பக்கத்துலதான் இருக்கான், பயப்படாத.”

அவள் அதிகாரிகள் மேஜைக்கு ஓடி விஷயத்தைச் சொன்னாள். அலுவலகத் தலைவரான கர்னல் தலைநகர் லிமாவுக்குப் போயிருந்தார். அவர் இல்லாதபோது அறையில் மூத்த அதிகாரி உத்தரவிடலாம் என்பது புது விதி. அறையில் இருந்தவர்கள் இருவர்: தரைப்படை கேப்டன் அரோஸ்பிதே, கடற்படை லெப்டினன்ட் சொலிமானோ. பதவிப் பெயர்தான் வேறு, அந்தஸ்து ஒன்று. இருவரும் பதவி ஏறியதும் ஒரே நாள். விதி எழுதிய மகானுபாவருக்கு இது தோன்றவில்லை.

கெட்ட மனுஷர்கள் இல்லை இருவரும். கேப்டனுக்கு வியர்த்துக் கொட்டியது, லெப்டினன்ட் கையைப் பிசைந்தார். இவர் தங்கள் உத்தரவுப்படி என்றார், அவர் இல்லை தங்கள் உத்தரவுப்படி என்றார். பிறகு ஆளுக்கொரு டெலிபோனை எடுத்து, தங்களில் யார் மூத்தவர் என்று லிமாவில் விசாரிக்க ஆரம்பித்தார்கள். ரேடியோவில் தண்ணீர் இரைச்சல் கூடிக்கொண்டே போனது. குவியலில் ஒரு மரம் பிய்த்துக்கொண்டது என்றான் பாந்துரோ. லிமாவில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள்.

அடுத்த மாதம் நேரிதாவுக்குப் பதவி உயர்வு. அதிகாரி வாய் திறக்காமல் அவள் உத்தரவு அனுப்பினால் உயர்வும் போகும், உடுப்பும் போகும். அப்னேர் போய்விட்டால் இந்த உடுப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நினைத்தாள். லொசானோ பக்கம் திரும்பினாள்.

“கொம்பாத்ரே, ஹெலிகாப்டரைக் கிளப்பு. மூத்தவர் உத்தரவு.”

லொசானோ அவள் முகத்தைப் பார்த்தான். எந்த மூத்தவர் என்று கேட்கவில்லை. விமானத்தளத்துக்குச் சொல்லிவிட்டான்.

அதிகாரிகள் இருவருக்கும் அது காதில் விழுந்தது. கேப்டன் எழுந்தார், லெப்டினன்டைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். உத்தரவை ரத்து செய்யவும் மூத்தவர்தானே வேண்டும்!

ஹெலிகாப்டர் கயிறு இறக்கி ஒவ்வொருவராக ஏற்றியது. கடைசியில் இரண்டு பேர் பாக்கி என்று விமானி சொன்னார். பிறகு ஒருவர் என்றார். நேரிதா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மரக்குவியல் உடைந்துவிட்டது, ஆளைக் காணவில்லை என்று அப்புறம் வந்தது.

பிழைத்தது அப்னேர். நனைந்த துணியோடு வாசலில் நின்றவன் அவளைப் பார்க்காமல் பேசினான்.

“பாந்துரோகிட்ட நீ போன்னேன். மூத்தவன்தான்டா கடைசி, பெரிசா பேச வந்துட்டான்னு சொல்லிக் கயித்தை என் இடுப்புல மாட்டிவிட்டுட்டான்.”

அவள் அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவன் உயிரோடு நிற்பதில் வந்த சந்தோஷம் அவளுக்கே வெட்கமாக இருந்தது. பாந்துரோவை ஆறு திருப்பித் தரவே இல்லை.

விசாரணைக்கு லிமாவிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கேப்டனைவிட லெப்டினன்ட்தான் மூத்தவர் என்று அதற்குள் தீர்ப்பாகியிருந்தது. தான் உத்தரவிடவில்லை என்பதை லெப்டினன்ட் தலை குனிந்தபடி ஒப்புக்கொண்டார். விசாரணை அதிகாரி நேரிதா பக்கம் திரும்பினார்.

“மூத்தவர் உத்தரவுன்னு சொல்லியிருக்கீங்க. பொய்தானே அம்மா?”

“இல்லைங்க ஐயா. ஹெலிகாப்டர் அனுப்பச் சொல்லி மூத்தவர்தான் ரேடியோவுல சொன்னாரு.”

“எந்த மூத்தவர்?”

“சார்ஜென்ட் பாந்துரோ.”