அண்ணை முழுகாத நாட்கள்

“…செத்தால் சாகட்டும், உது செடிதானே! நீங்கள் போய் முழுகிப்போட்டு வாங்கோ” என்று அண்ணி சொன்னபோது, அண்ணை பேஸ்மென்டில் செடி அறை வாசலில், கையில் வெந்நீர்ப் பேசினோடு நின்றார். தண்ணீர் எப்போதோ ஆறிப்போயிருந்தது. வேப்பெண்ணெய் மேலே மிதந்து வட்டம் வட்டமாய் நின்றது.

முழுகு என்பது லேசான சொல் அல்ல. எங்கள் ஆட்களுக்கு நெருங்கிய சொந்தத்தின் சாவுச் செய்தி வந்தால் முதல் வேலை தலைக்கு முழுகுவது. முழுகினால் செய்தியை ஏற்றுக்கொண்டாயிற்று. அன்றிலிருந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை வீட்டுக்குத் துடக்கு, அதாவது தீட்டு. கோயில் இல்லை, விளக்கு இல்லை. எங்களுக்கு இன்னும் ஒன்று கூடுதலாக இருந்தது. எங்கள் தகப்பனார் வெற்றிலைத் தோட்டம் செய்தவர். துடக்குக்காரன் கொடியைத் தொட்டால் கொடி கருகும் என்பதை நாங்கள் மழை நனைக்கும் என்பதைப்போல நம்பி வளர்ந்தவர்கள். அண்ணை ரொறன்ரோவுக்கு வந்து எத்தனையோ பனி பார்த்துவிட்டார். காலநிலை சொல்லுகிறவனை நம்பமாட்டார், லொத்தரை நம்பமாட்டார். ஆனால் இதை நம்பினார்.

இனிச் செடியைச் சொல்ல வேண்டும். அது கஞ்சாச் செடி. ஒளித்து வளர்த்ததல்ல. அண்ணிக்கு எம்.எஸ். என்கிற நரம்பு நோய். படுக்கப்போனால் இரண்டு காலும் முறுக்கேறி மரக்கட்டையாகும். மருந்துக் குளிசைகள் வயிற்றைப் பிரட்டின. கடைசியில் டொக்டர் கையெழுத்து வைக்க, நாலைந்து செடி வீட்டில் வளர்க்கலாம் என்று அரசாங்கமே அனுமதி கொடுத்தது. அண்ணை அந்தக் கடதாசியை அறைக்கதவில், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். பூவை நெய்யில் காய்ச்சிப் போத்தலில் வைத்து, அண்ணி சோற்றோடு கொஞ்சம் எடுப்பார். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் நித்திரை என்று ஒன்று வந்தது. மோர்னிங்சைட்டில் எங்கள் தெருச்சனம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு “என்ன மணம்?” என்று கேட்டால், “மூலிகை” என்பார் அண்ணி. “எந்த மூலிகை?” என்றால், “கேள்வி கேக்கிறவைக்குப் பேதி போற மூலிகை.”

பூச்சி வந்தது கறிவேப்பிலையால். இந்த ஊரில் கறிவேப்பிலைக் கன்று வைத்திருக்கிற வீடுகளில் பனிக்காலத்துக்கு அதைப் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கி உள்ளே கொண்டுவருவார்கள். அண்ணியின் கன்று யன்னலோரம் வாடிக்கிடந்தது. “உங்கட செடிக்கு மட்டும் வெயிலோ? என்ர பிள்ளையும் கொஞ்சம் காயட்டுமன்” என்று அவர் கேட்க, அண்ணை மனம் இளகி அந்தச் சாடியையும் செடி அறையின் பெரிய லைட்டுக்குக் கீழே வைத்தார். கறிவேப்பிலை தளிர்த்தது. மாசி மாதம் கஞ்சா இலைகளில் ஊசியால் குத்தியதுபோல வெள்ளைப் புள்ளிகள் விழுந்தன. நான் பார்த்துவிட்டு, “நல்ல பச்சையாத்தானே நிக்குது” என்றேன். அண்ணை ஒரு இலையைப் பிரட்டிக் காட்டினார். கீழ்ப்பக்கத்தில் மிளகாய்த்தூளின் ஒரு துகளில் பாதிகூட இல்லாத உயிர்கள் ஊர்ந்தன. சிலந்திப் பேன். காய்ந்த சூடான வீடென்றால் அதற்குக் கொண்டாட்டம்.

“இலையை மேல பாக்கிறவன் விருந்தாளி. கீழ பாக்கிறவன்தான் தோட்டக்காரன்” என்றார் அண்ணை. அவருடைய சொற்களை நான் அந்தக் காலத்திலிருந்தே மனதில் சேர்த்துவைக்கிறவன்.

கடையில் விற்கிற நஞ்சு அடிக்க முடியாது. அண்ணியின் வயிற்றுக்குள் போகிற பொருள். புகையிலைத் தண்ணீர் அடிக்கலாம் என்று யாரோ சொன்னதற்கு, “அதுவும் நஞ்சுதான், என்ர மனிசி பேன் இல்லை” என்று வெட்டிவிட்டார். உள்ளிப் பூண்டையும் காய்ந்த செத்தல் மிளகாயையும் அவித்து வடித்து அடித்தார். வீட்டுச் சூட்டுக்காற்று போகிற குழாய் எல்லா அறைக்கும் ஒன்றுதான் என்பதை அவர் நினைக்கவில்லை. பத்து எண்ணுவதற்குள் வீடு முழுக்க இருமல். அண்ணியைக் கதிரையோடு தூக்கி, போர்வை சுற்றி, பனிக்குள் வைத்தோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பூச்சி உள்ளுக்கு, நாங்கள் வெளியில. இதில ஆர் ஆரைக் கலைச்சது?” என்று கேட்டார்.

அதன்பிறகு தோட்டக்கடையிலிருந்து பெட்டியோடு வாங்கிவந்தார், முதுகில் கறுப்புப் பொட்டு வைத்த சிவப்பு வண்டுகளை. அவை பேனைத் தின்னுமாம். கொஞ்சம் தின்றன. கொஞ்சம் லைட்டில் முட்டிச் செத்தன. மிச்சம் மாடியேறி யன்னல் கண்ணாடியில் கூட்டமாய் ஒட்டிக்கொண்டன. “வேலைக்கு எடுத்ததெல்லாம் யூனியனில சேர்ந்திட்டுது” என்றார் அண்ணி.

கடைசியில் நின்றது வேப்பெண்ணெய்தான். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கோப்பை கழுவுகிற சோப் இரண்டு சொட்டு, வேப்பெண்ணெய் கொஞ்சம். ஒருநாள் விட்டு ஒருநாள் இலைக்குக் கீழே அடிப்பார். உள்ளே போகமுன் உடுப்பு மாற்றி, முழங்கைவரை கழுவுவார். எங்களையும் உள்ளே விடமாட்டார். பூ வரத் தொடங்கியதும் அடிக்கவும் வழியில்லை. பூவில் பட்டால் மருந்து கெட்டுவிடும். அதனால் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, பூவில் படாமல், ஒவ்வொரு இலையாகக் கீழ்ப்பக்கம் துடைக்கத் தொடங்கினார். நாள் தவறாமல் துடைக்க வேண்டும். ஒரு நாள் விட்டால் மறுநாள் இரட்டிப்பாகும். பழைய மருந்து போத்தலின் அடிக்கு வந்துவிட்டது. இந்தப் பூ முற்றினால்தான் அண்ணிக்கு அடுத்த மாதங்களின் நித்திரை.

அதே நாட்களில்தான் வன்னியில் சண்டை முற்றி எல்லாம் முடிந்துகொண்டிருந்தது. எங்கள் கடைசித் தம்பி அங்கே அகப்பட்டிருந்தான். வீட்டில் அவனைச் சின்னவன் என்போம். தை மாதம் ஒரு கடையிலிருந்து ரெலிபோன் எடுத்துக் கதைத்தான். “நாங்கள் இடம் மாறுறம். பிறகு எடுக்கிறன். அண்ணிக்குக் கால் எப்பிடி?” அவ்வளவுதான். பிறகு எடுக்கவில்லை. நான் பேக்கரி வேலை முடிய சப்வே பிடித்து, போரை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் றோட்டில் குந்தியிருந்து கத்துகிற இடத்துக்குப் போய் நானும் இருந்து கத்தினேன். குரல் இல்லாமல் வீட்டுக்கு வருவேன். அண்ணை வரவில்லை. “அங்க கத்த ஆக்கள் இருக்கு. இஞ்ச துடைக்க ஆரிருக்கு?” என்றார்.

வைகாசியில் லண்டனிலிருந்து ஒன்றுவிட்ட தம்பி எடுத்தான். சின்னவன் ஷெல் விழுந்து போய்விட்டானாம், கண்டவர்கள் சொல்கிறார்களாம்.

“கண்டவன் ஆர்?” என்றார் அண்ணை.

“அண்ணை, சனம் சொல்லுது…”

“சனம் ஆயிரம் சொல்லும். கண்டவனைக் கதைக்கச் சொல்லு.”

ரெலிபோனை வைத்துவிட்டு, உடுப்பு மாற்றி, துணியை நனைத்துக்கொண்டு செடி அறைக்குள் போனார். அன்றைக்கு விளங்கியது எனக்கு. அவர் அந்த அறைக்குள் போய்வந்துகொண்டிருக்கும்வரை சின்னவன் உயிரோடு இருக்கிறான். ஷவரில்கூடத் தலையில் துளி படவிடாமல் கழுத்துக்குக் கீழேதான் குளித்தார், யாரும் அதை முழுக்கென்று சொல்லிவிடக் கூடாதென்பதுபோல. தலைமயிர் பிசுபிசுத்துக் கிடந்தது.

செய்தி தெருவுக்கும் தெரிந்தது. நாலாவது வீட்டு அன்ரி சோற்றுப் பார்சலும் பிளாஸ்கில் தேத்தண்ணீரும் கொண்டு வந்தார். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அக்கம்பக்கம்தான் சாப்பாடு கொடுக்கும். அண்ணை வாசலை மறித்து நின்றார்.

“அன்ரி, இஞ்ச ஒருத்தரும் சாகேல்லை. அடுப்பு எரியுது.”

“எரியட்டும் தம்பி. எரியிற அடுப்பில பிறகு சூடாக்கிச் சாப்பிடுங்கோ.” பார்சலைப் படியில் வைத்துவிட்டு அவர் திரும்பினார். “அழாத கண்ணீர் முழங்காலுக்க இறங்கும். என்ர மனுசனுக்கு இறங்கினது, எனக்குத் தெரியும்.”

அந்தச் சோற்றை ஒருவரும் தொடவில்லை. எறியவும் மனம் வரவில்லை. பிரிட்ஜுக்குள் கிடந்து புளித்தது.

வீட்டில் ரிவி ஓயவில்லை. எல்லாம் முடிந்தது என்று அறிவித்தார்கள். அண்ணை நாளும் துடைத்தார். செடிகள் நன்றாக நின்றன. பூக்கள் தடித்து, பிசின் ஏறி மின்னின. அண்ணி மேலே கட்டிலில் காலைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். போத்தலில் இருந்ததை மட்டுப்படுத்தி எடுத்துவந்தவர், பிறகு எடுப்பதையே விட்டார். ஏன் என்று கேட்டேன். “பூ முற்றட்டும், தம்பி. நான் மருந்து கேட்டால் அவர் இன்னும் அந்த அறைக்குள்ளயே கிடப்பார்” என்றார்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை, கண்டவனே கதைத்தான். முகாமிலிருந்து யாருடையதோ கைபேசியில். சின்னவனோடு ஒரே பங்கருக்குள் இருந்தவனாம். அண்ணை ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணை, நான்தான் மண் போட்டனான். பங்கருக்குப் பக்கத்தில. பெட்டி கிட்டி ஒண்டும் இல்லை. அவன் இடுப்பில கட்டியிருந்த சாரத்தாலதான் மூடினனான்.”

“என்ன நிறச் சாரம்?” என்றார் அண்ணை.

“நீலம் அண்ணை. வெள்ளைக் கோடு.”

“முகத்தையும் மூடினீரோ?”

“ஓம் அண்ணை. முகத்தைத்தான் முதல் மூடினனான்.”

“சரி, தம்பி. நீர் சாப்பிட்டீரோ?” என்று அண்ணை கேட்டு முடிப்பதற்குள் லைன் அறுந்துவிட்டது.

அவர் எழும்பினார். தண்ணீர் சுடவைத்து, சோப்பும் எண்ணெயும் விட்டு, பேசினைத் தூக்கிக்கொண்டு கீழே போனார். அறைக்கதவைத் திறந்தார். ஆனால் வாசற்படியைத் தாண்டவில்லை. நின்றார். உள்ளே போனால் துடக்கோடு போனதாகும், செடி கருகும். போகாமல் விட்டால் தம்பி செத்ததாகும். பேசினைக் கீழே வைத்துவிட்டுப் படியில் குந்தினார். பின்னேரம் மறுபடி தண்ணீர் சுடவைத்தார், மறுபடி வாசலில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அதே. அழவும் இல்லை, முழுகவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. நான் அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். லைட் வெளிச்சத்தில் பூவுக்கும் பூவுக்கும் இடையில் மெல்லிய நூல் ஓடியிருந்தது. பேன் வலை கட்டத் தொடங்கிவிட்டது.

“விடுங்கோ அண்ணை, நான் துடைக்கிறன்” என்று துணியை எடுத்தேன்.

அவர் என் கையைப் பிடித்தார். “நீயும் அவன்ர அண்ணன்தானேடா” என்றார்.

எனக்கும் துடக்கு என்பதுதான் அதன் பொருள். சின்னவன் செத்ததை அவர் வாயால் சொன்னது அதுதான். எங்கள் இரண்டு பேருக்கும் அது விளங்கியது. மேலே அண்ணிக்கும் கேட்டிருக்க வேண்டும். மாடிப்படியில் ஏதோ இழுபடுகிற சத்தம் வந்தது. அவரால் படி இறங்க முடியாது; மாதக்கணக்கில் பேஸ்மென்டுக்கு வந்ததில்லை. ஒவ்வொரு படியாகக் குந்தி, கையால் காலைத் தூக்கி அடுத்த படியில் வைத்து, இறங்கினார். நான் தூக்கப் போக, “விடு” என்றார். கடைசிப் படியில் குந்தியிருந்து மூச்சு வாங்கினார். தன் புருஷனின் எண்ணெய் பிடித்த தலையைப் பார்த்தார்.

“இஞ்சேருங்கோ. அந்தப் பிள்ளை கடைசியாக் கதைக்கேக்க என்ர காலைத்தான் கேட்டவன். என்ர காலுக்காக நீங்கள் அவனுக்கு முழுகாமல் நிக்கிறியளோ? செத்தால் சாகட்டும், உது செடிதானே! நீங்கள் போய் முழுகிப்போட்டு வாங்கோ.”

அண்ணை பேசினை என்னிடம் தந்தார். படியேறினார். கொஞ்ச நேரத்தில் மேலே தண்ணீர் திறக்கிற சத்தம் குழாய்க்குள்ளால் இறங்கி வந்தது. அதற்குள் இன்னொரு சத்தமும் இருந்தது. அண்ணையிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அண்ணி பேசினைக் கீழே வைக்கச் சொன்னார். அதைத் தள்ளித் தள்ளி, தானும் அரக்கி அரக்கி, வாசற்படியைத் தாண்டி அறைக்குள் போனார். அவருக்கும் அதே துடக்குத்தான். விரல்களுக்குத் துணியைப் பிழிய வலு இல்லை. மணிக்கட்டுக்கும் தொடைக்கும் நடுவில் வைத்து அமத்திப் பிழிந்தார். தரையில் இருந்தபடியே எட்டுகிற ஆகக்கீழ் இலை ஒன்றைப் பிடித்து, பிரட்டி, கீழ்ப்பக்கத்தைத் துடைத்தார்.