ஜங்கம சொத்து

அப்பா விஷக் காய்ச்சலில் போன ஈரம்கூடக் காயவில்லை, ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் பாகம் பிரிக்க உட்கார்ந்துவிட்டார்கள். பெரியப்பாவுக்கு ஒரு பங்கு, சித்தப்பாவுக்கு ஒரு பங்கு. ஆண்பிள்ளை பெறாத அம்மாவுக்குச் சாப்பாட்டு நெல் மட்டும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் அப்படி. அம்மா சேத்தூரில் பிறந்த வீட்டுக்குப் போவதாகப் பேச்சு. நான் எங்கே போவது என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த பத்திரம் எழுதுகிறவர், ‘ஸ்தாவர ஜங்கம சொத்துக்கள்’ என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

“அதென்னங்க ஜங்கமம்?” என்றார் சித்தப்பா.

“வடமொழிங்க. வீடு, கிணறு, தோட்டம், நின்ன எடத்துலயே நிக்கிறது ஸ்தாவரம். தூக்கிட்டுப் போறது, ஓட்டிட்டுப் போறது, அசையிறது எல்லாம் ஜங்கமம். அந்தக் காலத்துல மாடுதான் பெரிய சொத்து. தமிழ்ல மாடுன்னாலே செல்வம்னு ஒரு அர்த்தம் உண்டு.”

குடம், கட்டில், அண்டா என்று அசைகிறதெல்லாம் முற்றத்துக்கு வந்து, அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சமாகப் பிரிந்துகொண்டிருந்தது. நானும் அசைகிறவள்தானே! தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டால்? ஆட்டுரலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்தேன். என் புத்தி அம்புட்டுத்தான்.

“இந்தச் செவலை மாடு யாருக்கு?” என்றார் எழுதுகிறவர்.

“அது சேத்தூர் மதினி பொறந்த வீட்டுல இருந்து கொண்டாந்தது” என்றார் சித்தப்பா.

“அப்ப அது சீதனம். பங்குல வராது. மாடும் கன்னும் அந்தம்மாவுக்குத்தான்.”

பெரியம்மா முகம் கறுத்துவிட்டது. சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

“பிள்ளை இங்கயே கெடக்கட்டும். எம்மவனுக்குத் தொட்டில் ஆட்ட ஆள் வேணும்ல.”

பெரியப்பா தலையாட்டினார். போச்சு! பெரியம்மா கிள்ளினால் ரத்தம் கட்டும். அழக்கூடப் பயமாக இருந்தது. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்ற அம்மா பெரியம்மாவை உள்ளே கூப்பிட்டாள். செத்த நேரம் என்னமோ குசுகுசுவென்று பேச்சு. பெரியம்மா சிரித்த முகமாக வெளியே வந்து பெரியப்பா காதில் ஏதோ சொன்னாள்.

“மாட்டையும் கன்னையும் என் பங்குல எழுதுங்க” என்றார் பெரியப்பா.

அம்மா விறுவிறுவென்று வந்து, ஆட்டுரலில் இருந்து என் கையைப் பிரித்தெடுத்து வாசலைத் தாண்டினாள். கன்றுக்குட்டி என்னைப் பார்த்துக் கத்தியது.

சேத்தூர் போகிற வழியெல்லாம் அழுது ஆர்ப்பாட்டம் செய்தேன். “நம்ம செவலைய ஏன் விட்டுட்டு வந்த? நீ வேண்டாம் போ, எனக்குச் செவலைதான் வேணும்!” என்று அவள் கையைக் கடித்தேன்.

“ஏட்டி, பேசாம வா” என்றாளே தவிர, பிடித்த கையை விடவில்லை. தனக்கென்று இருந்த ஒரே சொத்தைக் கொடுத்துத்தான் என்னை மீட்டுக்கொண்டு போகிறாள் என்று அன்றைக்கு எனக்கு எங்கே தெரிந்தது!