ஃபிசாவின் காகித நட்சத்திரம்

எங்கள் லஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் மிக்கேலுக்கு வாய்க்கு முன்னால் கை பேசும். பள்ளிப் பிள்ளைகளிடம் மட்டும் பஞ்சு மாதிரி இருப்பான். அவனுக்கு இருந்த ஒரே நல்ல பேர் அதுதான்.

மூன்றாவது படிக்கும் ஃபிசா, பள்ளியில் செய்யச் சொன்ன கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை அவன் ஆட்டோவுக்கு வெளியே பிடித்துக்கொண்டு வந்தாள். உரசிப்போன பைக் அதைக் கிழித்தது. ஸ்டாண்டு எதிரிலேயே மிக்கேல் அதை ஓட்டியவனை மடக்கினான்.

"கொயந்த பொருளு. கண்ணு இன்னா பொடனியிலயா கீது?"

"பேப்பருதான மாமா," என்று பைக்காரன் சிரித்தான்.

மிக்கேல் அவன் ஹெல்மெட்டைப் பிடுங்கி அவன் முகத்திலேயே அடித்தான். பல் தெறித்தது. விழுந்தவனை மிதித்தான். நான்தான் இழுத்துப் பிடித்தேன்.

பிறகு மிக்கேல் நட்சத்திரத்தை எடுத்து ஃபிசாவிடம் நீட்டினான்.

"ஒட்டிக்கலாம்மா, அழாத."

அவன் கையெல்லாம் ரத்தம். ஃபிசா வாங்கவில்லை. மறுநாளிலிருந்து அம்மாவோடு நடந்தே போகிறாள். மிக்கேல் இன்னமும் காலையில் அவள் தெருமுனையில் நின்று ஹாரன் அடிக்கிறான்.