பெட்டி கேஸ்

தர்மபுரி பேருந்து நிலையத்தில் நேற்று ஒரு போலீஸ்காரர், "பயப்படாதீங்க, பெட்டி கேஸ்தான்" என்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பாச்சை உருண்டையின் வாசனை வந்தது.

என் சிறு வயதில் அப்பா அதியமான்கோட்டையில் ரோட்டோரம் தள்ளுவண்டியில் கொய்யா விற்றார். ஒருநாள் பக்கத்துக் கடைக்காரர் வீட்டுக்கு ஓடிவந்தார். "அண்ணன போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்கக்கா. ஏதோ பெட்டி கேஸாம்."

அம்மா உடனே கதவைச் சாத்தினாள். கட்டிலடியில் இருந்த தகரப் பெட்டியை இழுத்துக் கவிழ்த்தாள். பாச்சை உருண்டைகள் தரையெங்கும் ஓடின. "யாரு பெட்டியத் தூக்கியாந்தாரோ தெரியலயே கண்ணு" என்று சேலைகளை உதறினாள். எதைத் தேடுகிறோம் என்றே தெரியாமல் நானும் பரண்மேல் ஏறித் தேடினேன்.

சாயங்காலம் அப்பா திரும்பி வந்தார். "வூடு ஏன் இப்பிடிக் கெடக்குது?"

"யாரு பெட்டிங்க அது?" என்றாள் அம்மா, மெதுவாக.

அப்பா கவிழ்ந்து கிடந்த தகரப் பெட்டியைப் பார்த்தார். "வண்டி ரோட்டுல நின்னுதுன்னு புடிச்சாங்க. பெட்டின்னா இங்கிலீஷ்ல அற்ப விசயமாம். ஏட்டு சொன்னாரு."

அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பா சிரிக்கவில்லை.

"நான் எடுத்திருப்பேன்னே நெனச்சுட்டியா?"

அம்மாவின் சிரிப்பு நின்றது. அப்பா சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். யாரிடம் போய் உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை. நடுவில் உட்கார்ந்து துணிகளை மடிக்க ஆரம்பித்தேன்.