நாலாம் நம்பர் புஷ்

என் சித்திக்குக் கடலூரில் யாரோ இருக்கிறார்கள் என்று முதலில் சந்தேகப்பட்டது அம்மா. அம்மா சந்தேகப்படுகிறாள் என்பதற்காகவே நானும் சந்தேகப்பட்டேன். எனக்கு அப்போது பத்து வயது.

சித்தி, அம்மாவின் தங்கை. சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் தங்கி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஒன்றோடொன்று உரசும் உலோகங்கள் எவ்வளவு தேய்கின்றன, எதைத் தடவினால் தேய்மானம் குறையும் என்பதுதான் ஆராய்ச்சி. புங்க எண்ணெயில் தானே ஒரு கிரீஸ் செய்திருந்தாள். அது கடை கிரீஸைவிட நல்லதா என்று கண்டுபிடிக்க வேண்டும். "தேயறத எடை போடறதுக்கு ஒரு படிப்பா?" என்று அம்மா கேட்பாள். படிப்பையாவது அம்மாவால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. சித்தி மாதம் இரண்டு சனிக்கிழமை பவுடர் போட்டுக்கொண்டு கடலூர் பஸ் ஏறுவதைப் பொறுக்கவே முடியவில்லை.

"கடல் பாக்கணும்னு அழு. கூட்டிக்கிட்டுப் போவா. அங்க யாரு, என்னா பேசறாங்கன்னு கவனிச்சிக்கிட்டு வா" என்று சொல்லி ஒரு சனிக்கிழமை என்னை அனுப்பினாள்.

நான் அழுதேன். சித்தி கூட்டிக்கொண்டு போனாள்.

துறைமுகத்தை ஒட்டிய ஒரு பட்டறையில், படகு எஞ்சின் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர் எங்களுக்காகக் காத்திருந்தார். முப்பது வயது இருக்கும். எனக்குப் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். என் வாயை அடைக்கத்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

"மூணு படகுலயும் ஒரு மாசம் ஓடிருக்கு மேடம். தெக்கால போனது மட்டும் ஜாஸ்தி ஓடிருக்கும்" என்றார். இதில் ஏதோ மறைபொருள் இருப்பதாக எனக்குப் பட்டது. பிறகு ஒரு சின்னத் தகர டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தார். சித்தி திறந்து பார்த்தாள், முகம் மலர்ந்தது. டப்பாவைப் பையின் அடியில் துணிக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

"உள்ள வளையம் மாதிரி மினுமினுன்னு இருந்துச்சி" என்று அம்மாவிடம் சொன்னேன்.

"மோதிரமா?" என்றாள் அம்மா. அப்படியும் இருக்கலாம் என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சித்தி தலைக்குக் குளிக்கப் போனதும் அம்மா டப்பாவைத் திறந்தாள். நம்பர் போட்ட ஆறு சின்ன பிளாஸ்டிக் கவர்கள், கவருக்கு ஒன்றாகப் பித்தளை வளையங்கள். எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினோம். அம்மா ஒன்றை விரலில் மாட்டிப் பார்த்தாள். கட்டைவிரலுக்கே தொளதொளவென்று இருந்தது. அதற்குள் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. கைக்கு வந்ததைக் கைக்கு வந்த கவரில் போட்டு மூடினோம்.

அவை படகு எஞ்சினின் தண்ணீர் பம்பில் மாட்டும் புஷ்கள் என்பது திங்கட்கிழமை சாயங்காலம்தான் தெரிந்தது. சோதனைக்கூடத்தில் எடை போட்டு, நம்பர் எழுதிய கவரில் ஒவ்வொன்றாக இட்டு, மூன்றில் சித்தியின் கிரீஸும் மூன்றில் கடை கிரீஸும் வைத்து ஓடவிட்டு, திரும்ப எடை போட வேண்டும். குறைந்திருக்கும் எடைதான் தேய்மானம். ஆனால் நாலாம் நம்பர் புஷ்ஷின் எடை கூடியிருந்தது. இரண்டாம் நம்பரோ நம்ப முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. சித்தியின் பேராசிரியர், "வீட்ல ஒக்காந்து எழுதுன நம்பரா?" என்று கேட்டாராம். இரண்டும் இடம் மாறியிருக்கலாம் என்று இவள் சொன்னதற்கு, தோன்றியபடி மாற்றி எழுத முடியாது, முழுவதையும் திரும்பச் செய் என்றாராம். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"அக்கா, யாராச்சும் என் பையத் தொட்டீங்களா?"

"அந்தப் பித்தளை எங்களுக்கு எதுக்குடி?" என்றாள் அம்மா. சித்தி என்னைப் பார்த்தாள். நான் தொடவில்லை என்றேன்.

அடுத்த சனிக்கிழமை சித்தியே என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். இந்தத் தடவை பவுடர் போடவில்லை.

"கழட்டும்போதே எது எந்தப் பம்புன்னு பாத்து, அந்த நம்பர் கவர்லதான் மேடம் போட்டேன்" என்றார் மெக்கானிக்.

"அப்ப எப்பிடி மாறும்?"

அவர் கழிவுப் பஞ்சில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "எம்மேல சந்தேகம் வந்துருச்சின்னா வேற ஆளப் பாத்துக்குங்க மேடம்." குரல் உயரவேயில்லை. நான் கட்டிக் கிடந்த படகுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு மீன்பிடித் தடைக்காலம் வந்தது, படகுகள் கடலுக்குப் போகவில்லை. அது முடிந்தபின் சித்தி பரங்கிப்பேட்டையில் வேறொருவரைப் பிடித்துச் சோதனையை முதலிலிருந்து தொடங்கினாள். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. கடலூர்ப் பயணம் நின்றதில் அம்மாவுக்குச் சந்தேகம் உறுதியாயிற்று. "ஏதோ இருந்துச்சி, அறுந்துபோச்சி" என்றாள்.

சித்தி இப்போது ஒரு பொறியியல் கல்லூரியில் பேராசிரியை. போன வருடம் அவள் வீட்டில் அந்த ஆய்வேட்டைப் புரட்டினேன். பட்டறையில் நேர்ந்த கவனக்குறைவால் முதல் தொகுதி கைவிடப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னேன்.

சித்தி என்னைத் திட்டவில்லை. "அவரு இன்னும் அங்கதான் இருக்காரா, தெரியலயே" என்றாள். இருவரும் கடலூர் போய்ப் பார்த்தோம்.

இருந்தார். தலை நரைத்து, கண்ணாடி போட்டிருந்தார். சித்தியை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"தப்பு உங்க மேல இல்லிங்க. எங்க வீட்டுலதான் மாத்திட்டாங்க. நான் ஒங்களச் சந்தேகப்பட்டிருக்கக் கூடாது" என்றாள் சித்தி. மாற்றியது நான்தான் என்றேன்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்டூல்களை இழுத்துப் போட்டார்.

"அது இருக்கட்டும் மேடம். கடைசில எது கம்மியா தேஞ்சிச்சி? நம்ம கிரீஸா, கடை கிரீஸா?"

"நம்மளுதுதான்" என்றாள் சித்தி.

"நெனச்சேன்" என்றார் அவர். எத்தனை கிராம் வித்தியாசம், உப்புத் தண்ணீர் பட்டும் நின்றதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார்.

பத்து வயதில் அவரை முதலில் சித்தியின் காதலர் என்று நினைத்தேன். அப்புறம் சொன்னதைக் கழற்றி மாட்டுகிற ஆள் என்று நினைத்தேன். அந்த விடை அவருக்கும் வேண்டியிருந்தது என்பது மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை.