சங்கத்துக்குப் பிறந்தநாள்

எங்கள் ஊர்ப் பாசனச் சங்கம் பேஸ்புக்கில் சேர்ந்த கதையை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தபடிதான் சொல்லத் தொடங்குவேன். முடிக்கும்போது எனக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, பதின்மூன்று வாக்கில் இருக்கும். மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்து, கொட்டாரம் என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் சும்மா இருந்த காலம். அங்கே நான் பார்த்தது ஏசி மெக்கானிக் வேலை. ஆனால் வரும்போது கையில் ஒரு லேப்டாப் இருந்தது. லேப்டாப் வைத்திருப்பவன் கம்ப்யூட்டர் படித்தவன் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. அதற்குப் பிறகு யார் வீட்டு டிவி ரிமோட் வேலை செய்யவில்லை என்றாலும் எனக்குத்தான் ஆள் வரும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல்வெளி. சானல் என்று நாங்கள் சொல்லும் பாசனக் கால்வாயின் தண்ணீர் ஒவ்வொரு வயலாகத் தாண்டிக் கடைசியாக வந்து சேரும் இடத்தில், பக்கத்து வீட்டு அக்கா பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்த வயல் இருந்தது. வயலுக்குச் சொந்தக்காரர் சென்னையில். அக்காவின் கணவர் கேரளத்தில் கட்டட வேலைக்குப் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். உழவு, நடவு, களை எல்லாம் அக்காவின் தலையில்தான். மாசியில் அறுக்கும் கும்பப்பூப் பயிர் அந்த வருடம் நன்றாக வந்திருந்தது. பொங்கல் கழிந்து கதிர் வெளியே வரும் நேரத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. சானல் வளைவில் ஆகாயத்தாமரை மண்டி, அதன்மேல் யாரோ எறிந்த பழைய மெத்தை ஒன்றும் வந்து சிக்கிக்கொண்டது. வளைவுக்கு மேலே தண்ணீர் ததும்பியது. கீழே சேறு காய்ந்து வெடித்தது. சங்க நிர்வாகிகள் அனைவருடைய வயலும் வளைவுக்கு மேலேதான் இருந்தது என்பதை இங்கே சும்மா சொல்லிவைக்கிறேன்.

அக்காவுக்காக நான் சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு பொதுப்பணித்துறை அதிகாரியைப் பார்க்கப் போனேன். அதிகாரி நல்ல மனிதர். மேசைமேல் இருந்த மனுக்கட்டைக் காட்டி, "இதுல உங்க மனுவும் கிடக்கும். இப்போ மேல உள்ளவங்க எல்லாம் பேஸ்புக்தான் பாக்காங்க. சங்கத்துப் பேருல அடைப்பைப் படம் எடுத்துப் போடுங்க. அதைக் காட்டி நான் ஜேசிபி வாங்கித் தாறேன்" என்றார்.

"இப்பவே போட்டுடலாம் அண்ணாச்சி" என்றேன் வெளியே வந்ததும்.

தலைவர் நின்றார். "தம்பி, சங்கம்னா அதுக்கொரு முறை உண்டு கேட்டியா. கமிட்டி கூடாம ஒண்ணும் செய்யப்பிடாது."

கமிட்டி கூடியது. ரசவடை வந்தது. ரசவடை தீர்ந்த பிறகே பேச்சு என்பது சங்கத்தின் எழுதாத விதி. பிறகு நான் லேப்டாப்பைத் திறந்து, அமைப்புகளுக்கென்று தனியாகப் பக்கம் உண்டு, அதுதான் சரி என்று விளக்கினேன். பக்கத்திலிருந்து யாருக்கும் நட்பழைப்பு அனுப்ப முடியாது என்றதும் அந்த யோசனை செத்தது. எம்.எல்.ஏ.வுக்கு எப்படி நட்பழைப்பு அனுப்புவது? ஆகவே சங்கம் ஒரு தனிமனிதராகவே உள்ளே நுழைந்தது.

தனிமனிதர் என்றால் அவர் ஆணா பெண்ணா என்று சொல்லியாக வேண்டும். கேள்வி திரையில் நின்றது. எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள்.

"சங்கம் ஆணாவே, பெண்ணாவே?" என்றார் செயலாளர்.

பொருளாளர் நிதானமானவர். வடையின் கடைசித் துண்டை விழுங்கிவிட்டுச் சொன்னார். "பெண்ணுவ ஒருத்தரும் மெம்பர் இல்லியே. ஆணுன்னே போடும்வே."

ஒருமனதாக நிறைவேறியது. நிலம் சொந்தமாக உள்ளவர்கள்தான் உறுப்பினர் ஆகலாம். பாட்டக்காரர்களுக்கு இடமில்லை. பெண்கள் பெயரில் நிலம் இருந்த வீடுகளிலும் கூட்டத்துக்கு வந்தது மாப்பிள்ளைமார்தான். பிறந்த தேதிக்குச் சங்கம் தொடங்கிய நாளைப் போட்டோம். பெயர்ப்பலகையிலேயே இருந்தது, ஒரு மாசி மாதம்.

அடுத்தது பாஸ்வேர்டு. அதை யார் வைத்திருப்பது? தலைவரிடம் இருந்தால் செயலாளருக்கு ஆகாது, செயலாளரிடம் இருந்தால் ஊருக்கே ஆகாது. பொருளாளர் வழி சொன்னார். "பேங்க்ல மூணு பேரும் கையெழுத்துப் போட்டாத்தானே காசு எடுக்க முடியும்? அதே மாதிரி இதையும் மூணாப் பிரிச்சிருவோம்." பிரித்தார்கள். ஒருவர் தன் பங்கைத் தட்டும்போது மற்ற இருவரும் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். என்னை வாசலுக்கு அனுப்பிவிட்டார்கள். லேப்டாப் என்னுடையது.

சாயங்காலம் அக்கா வேலியோரம் நின்றார். "படம் போட்டாச்சா மக்கா?"

"இல்லக்கா. கணக்கு தொடங்கியாச்சு."

"அது போருமா?"

"போராது."

தொடங்கிய கணக்கைத் திறந்துவைக்க ஒரு விழா வேண்டாமா? விழா என்றால் நோட்டீஸ். எங்கள் மாவட்டத்தில் நோட்டீஸ் அடிக்காமல் காதுகுத்துகூட நடக்காது. அதில் பெயர் விடுபட்டால் அந்த மனிதர் நம் வீட்டுச் சாவுக்கும் வரமாட்டார். மஞ்சள் தாளில் தலைமை, முன்னிலை, வரவேற்புரை எல்லாம் வழக்கம்போல. புதிதாகச் சேர்ந்தவை இரண்டு: கணக்கைத் திறந்து வைப்பவர், முதல் லைக் வழங்குபவர். முன்னிலையில் ஒரு பெயர் விட்டுப்போனதால் நோட்டீஸ் மறுபடி அடிக்கப்பட்டது. அதற்குள் நல்ல நாள் போய்விட்டது. அடுத்த நல்ல நாளுக்குக் காத்திருந்தோம். நெற்பயிருக்கு நாள், நட்சத்திரம் தெரியாது. அது காய்ந்துகொண்டிருந்தது.

விழாவன்று லேப்டாப்புக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, தோவாளையிலிருந்து வரவழைத்த பிச்சிப்பூ மாலை போட்டார்கள். சந்தனம் வழிந்து இறங்கிய விசைகளில் இரண்டு அந்த லேப்டாப் சாகும்வரை ஒட்டிக்கொண்டேதான் கிடந்தன. முதல் லைக் வழங்க வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்குப் பேஸ்புக்கில் கணக்கே இல்லை. அவருக்கு ஒன்று தொடங்கி, அவர் ஒரு லைக்கை வழங்கி, கைதட்டல் ஓய மதியமாகிவிட்டது. எதற்கு லைக் என்றால், முதல் பதிவாக ஏற்றிய அந்த நோட்டீஸின் படத்துக்கு.

அக்கா அன்றைக்கும் கேட்டார். நான் வீட்டுக்குள் போய்விட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

பொறுக்க முடியாமல், அடைப்பைப் படம் பிடித்து என் சொந்தக் கணக்கில் போட்டேன். மஸ்கட்டில் கூட வேலை பார்த்த மலையாளிகள் எது கேமரா என்று விசாரித்தார்கள். அதிகாரியிடம் போனில் காட்டினேன். "சங்கத்துப் பேருல வரணும் தம்பி. தனி ஆளுன்னா நாளைக்கு ஆயிரம் பேரு வருவான்" என்றார். அதுவும் நியாயம்தான்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிர்வாகிகள் வளைவுக்கு வந்தார்கள். எல்லோரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கல்யாண மண்டபத்திலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளும் வந்திருந்தன. அடைப்புக்குக் கீழே காய்ந்து கிடந்த தரையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு முக்கியஸ்தர்கள் உட்கார்ந்தார்கள். பின்னால் மற்றவர்கள் நின்றார்கள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் ஓரமா நிண்ணா அடைப்பு தெரியும்" என்றேன்.

"ஓரத்துல நிண்ணா மொகம் தெரியாண்டாமா?" என்றார் தலைவர்.

கேமராவில் எனக்கு வேட்டிகள் தெரிந்தன, மீசைகள் தெரிந்தன. ஆகாயத்தாமரையும் தெரியவில்லை, மெத்தையும் தெரியவில்லை, சானலே தெரியவில்லை. மூன்று பேரும் பாஸ்வேர்டைத் தட்ட, படம் ஏறியது. கீழே எல்லோருடைய பெயரும், நோட்டீஸில் இருந்த அதே வரிசையில். வளைகுடா முழுவதிலிருந்தும் வாழ்த்துகள் கொட்டின. மாமா சூப்பர். எங்கே டூர்? மாப்பிள்ளை யாரு? எம்.எல்.ஏ.வின் கணக்கிலிருந்து ஒரு லைக் விழுந்ததை மட்டும் தலைவர் ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதிகாரி படத்தை வெகுநேரம் பார்த்தார். "எல்லாரும் நல்லா இருக்காங்க. சானல் எங்க?"

ஆளில்லாத படம் ஒன்று வேண்டும் என்று நான் கமிட்டியில் மன்றாடினேன். ஆளில்லாத படத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார்கள். அதிகாரியே கேட்கிறார் என்று சொன்ன பிறகு அரைமனதாக ஒத்துக்கொண்டார்கள். ஆனால் பொருளாளர், மகளின் பிரசவத்துக்காகப் புதுக்கடை என்ற ஊருக்குப் போயிருந்தார். பாஸ்வேர்டின் மூன்றாம் பங்கு அவரோடு போயிருந்தது. போனில் சொல்லச் சொல்லிக் கேட்டேன். "காத்துல போற சமாச்சாரம், யாரு கேப்பாவன்னு சொல்ல முடியுமா?" என்று மறுத்துவிட்டார். பேரன் பிறந்து, குளிப்பாட்டி, பெயரிட்டு, அவர் திரும்பி வந்த பிறகுதான் அந்தப் படம் ஏறியது. மெத்தையும் ஆகாயத்தாமரையும் மட்டும் இருந்த படம்.

அதிகாரி சொல் தவறவில்லை. மறுநாளே ஜேசிபி வந்தது. அரைநாள் வேலை. தண்ணீர் குபுகுபுவென்று இறங்கி அக்காவின் வயலுக்குள் நுழைந்தது. தண்ணீருக்கு முன்னால் நின்று படம் எடுக்க நிர்வாகிகள் மறுபடி வேட்டி கட்டி வந்தார்கள். அக்கா ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்து ஊதினார். அத்தனையும் பறந்தது. பால் பிடிக்காத பதர். மடையைத் திருப்பித் தண்ணீரை ஓடைக்கு விட்டார், வயல் ஈரமானால் அறுப்பது கஷ்டம் என்பதால்.

அந்த வாரமே அறுத்தார். நெல்லுக்கு அல்ல, மாட்டுக்கு. நான் கட்டுச் சுமக்கக் கூடப் போயிருந்தேன். அப்போது செயலாளரிடமிருந்து போன் வந்தது. பெரிய சந்தோஷத்தில் இருந்தார்.

"லேப்டாப்ப எடுத்துட்டு ஓடி வா மக்கா. எம்பையன் துபாய்லருந்து விளிச்சான். சங்கத்துக்கு இன்னைக்குப் பிறந்தநாளாம். வாழ்த்தா வந்து குவியுதாம். நன்றி போடாண்டாமா? கேக்கும் வாங்கியாச்சு. நாங்க மூணு பேரும் ஆபீஸ்லதான் இருக்கோம்."

மூன்று பேரும், ஒரே நேரத்தில், அழைக்காமலே வந்து உட்கார்ந்திருந்தார்கள். போனை வைத்துவிட்டேன்.

"யாருக்கு மக்கா பிறந்தநாளு?" என்றார் அக்கா, குனிந்தபடியே.

"சங்கத்துக்கு, அக்கா."

அரிவாள் நிற்கவில்லை. ஒரு பிடி அறுத்து வைத்துவிட்டு, அடுத்த பிடியை வளைத்துப் பிடித்தார்.

"நல்லா இருக்கட்டு. நானும் சொன்னேன்னு போடு. பேரு போடாண்டாம்."