கணவர் இறக்க நேர்ந்தால்

கல்யாணமாகி ஆறு வருஷம். குறை எனக்குத்தான் என்று எங்கள் ஊரே முடிவுகட்டியிருந்தது. மதுரையில் டாக்டர் சோதித்துப் பார்த்ததில் என் கணவரின் விந்தில் ஓர் உயிரணுகூட இல்லை. இதை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று கணவர் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஊர்ப் பேச்சையெல்லாம் நானே வாங்கிக் கட்டிக்கொண்டேன். எரிச்சலாகத்தான் இருந்தது.

விரையிலிருந்து துளிச் சதை எடுத்துப் பார்க்கலாம், அதில் உயிரணு இருந்தால் உறைய வைத்துக்கொள்ளலாம், என் கருமுட்டை தயாராகும்போது உதவும் என்றார் டாக்டர். தீபாவளி லோடெல்லாம் போய் நாங்கள் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனி மூடியிருந்த நாளாகப் பார்த்துப் போனோம்.

நர்ஸ் ஒரு படிவம் தந்தார். கணவர் இறக்க நேர்ந்தால் சதையை என்ன செய்வது? மனைவியிடம் ஒப்படைக்க, அழித்துவிட என்று இரண்டு கட்டங்கள்.

"எல்லார்ட்டயும் கேக்குறதுதான். சும்மா டிக் போடுங்க" என்றார்.

எங்களுக்கு அது சும்மா இல்லை. நான் கம்பெனியில் பட்டாசுச் சரம் பின்னுகிறவள். அவர் அங்கேயே வெடிமருந்து கலக்கும் ரூமில் வேலை பார்த்தார். அந்த ரூமிலிருந்து கரிக்கட்டையாக வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவரோ கொஞ்சமும் யோசிக்காமல் மனைவி என்ற கட்டத்தில் டிக் போட்டார்.

"நான் போனாலும் உனக்குன்னு ஒரு பிள்ளை இருக்கும்ல" என்றார் சிரித்துக்கொண்டே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போவதற்கு மனுஷன் தயாராகவே இருக்கிறார்! பேனாவைப் பிடுங்கி அந்த டிக்கின் குறுக்கே கோடு போட்டு அடித்தேன்.

"அழிக்கச் சொல்லி எழுதுங்க."

"ஏ, உனக்கென்ன கிறுக்கா?"

"நீங்க இல்லாம எனக்குப் பிள்ளை வேண்டாம். வேணும்னா நீங்க உசுரோட இருக்கணும். அம்புட்டுத்தான்."

அடித்துத் திருத்தியது செல்லாது என்று நர்ஸ் வேறு படிவம் தந்தார். என் கணவர் அதை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கட்டங்களையும் மறுபடி படித்தார். பிறகு அழித்துவிட என்பதில் டிக் போட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். அன்றே சதை எடுத்தார்கள். அதில் உயிரணு இருந்தது.

கம்பெனி திறந்த அன்று வேனை விட்டு இறங்கியதும் அவர் நேரே போர்மேனிடம் போனார். பின்னாலேயே நாங்கள் பெண்கள் பதினைந்து பேர் இறங்கிக்கொண்டிருந்தோம். அவர் குரலைத் தணிக்கவே இல்லை.

"அண்ணாச்சி, கலவைக்கு வேற ஆளப் பாருங்க, என்னைய பேக்கிங்ல போடுங்க. பிள்ளை இல்லாத குறை என் வீட்டுக்காரிக்கு இல்ல, எனக்குத்தான். மதுரையில என் சதைய எடுத்து வச்சிருக்காக. நான் செத்தா அதையும் அழிச்சிருவாக."